உள்ளே விட்ட துணி

தையல்காரருக்கு வயிற்றுவலி வந்தது தப்பான நாளில். வலி வருவதற்கு நல்ல நாள் ஏது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மாதத்தில் அத்தனை நாள் சும்மா கிடக்க, சாட்சி நாளாகப் பார்த்து வந்தது என்றால் அந்த வலிக்கும் கொஞ்சம் குசும்பு இருந்திருக்க வேண்டும்.

சாட்சி நாளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கீழே அவருடைய தையல் கடை. மாடியில் அவர் மனைவி நடத்தும் உடம்பு குறைக்கும் வகுப்பு. வீட்டுக்குள் இருக்கும்வரை அவள் மனைவி. மாடிப்படியில் கால் வைத்துவிட்டால் மேடம். அந்த வகுப்பில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. 'மெஷின் பொய் சொல்லும், துணி பொய் சொல்லாது' என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். புதிதாகச் சேரும் ஒவ்வொருத்தியும், ஒரு காலத்தில் தனக்குச் சரியாக இருந்து இப்போது பொத்தான் சேராமல் போன ஒரு உடுப்பைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுதான் சாட்சி உடுப்பு. அது பத்திரமாகக் கீழே தையல் கடையில் தொங்கும். மாதத்துக்கு ஒரு நாள் அதை மாடிக்கு எடுத்துப் போய் எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்க்க வேண்டும். போன மாதம் சேராத பொத்தான் இந்த மாதம் சேர்ந்துவிட்டால் கைதட்டல், கண்ணீர், கட்டிப்பிடித்தல் எல்லாம் உண்டு.

துணி பொய் சொல்லாது, சரிதான். ஆனால் அந்தத் துணி மாதம் முழுக்க யார் கையில் இருந்தது என்று ஒருத்திக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

நல்ல தையல்காரர்கள் துணியை ஒட்ட வெட்டுவதில்லை. தையலுக்கு அப்பால் உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டு வைப்பார்கள், பின்னால் உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. நம் ஆள் செய்ததெல்லாம் அதுதான், உடுப்புக்காரிக்குத் தெரியாமல் செய்தார் என்பதைத் தவிர. சாட்சி நாளுக்கு முன்பு ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத் தையலைப் பிரித்து, ஒரு நூல் அளவு வெளியே தள்ளி மறுபடி ஓட்டுவார். பழைய தையல் தடத்தின் மேல் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்துவார். பீற்றிக்கொள்கிறவர்களுக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமாக, சட்டென்று அழுதுவிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாக. உள்ளே விட்ட துணி தீர்ந்துபோனவர்களுக்கு அக்குளுக்கு அடியில் அதே நிறத்தில் ஒரு ஒட்டுத் துண்டு. அந்த ஒட்டு வேலையை யாரிடமும் காட்டிப் பாராட்டு வாங்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த மனக்குறை.

இதை ஏமாற்று என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். எல்லாம் ஒரு பச்சைச் சட்டையில் ஆரம்பித்தது. கல்யாணமான புதிதில் அவரே அவளுக்குத் தைத்துக் கொடுத்த சட்டை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அது அவளுக்கு ஏறவில்லை. அவள் ஓடினாள், குதித்தாள், பட்டினி கிடந்தாள். வாரக் கடைசியில் கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சட்டையோடு மல்லுக்கட்டிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. அதைத் தாங்க முடியாமல் ஒரு பகலில் சட்டையை எடுத்து அரை விரற்கடை பிரித்து விட்டார். அந்த வாரம் பொத்தான் சேர்ந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள், எப்படிக் குறைத்தாய் என்று கேட்டாள். இவள் சொல்லிக்கொடுத்தாள். கேட்டவள் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். வகுப்பு பிறந்த கதை இவ்வளவுதான். அதுவரை வாயைத் திறக்கப் பயந்த அவருடைய மனைவி, இப்போது ஒரு கூடத்தையே நிறுத்தி வைத்துப் பேசினாள், நிமிர்ந்து நடந்தாள், சிரித்தாள்.

அதனால் வேறு எது வெளியே வந்தாலும் பரவாயில்லை, அந்தப் பச்சைச் சட்டை விஷயம் மட்டும் அவள் காதுக்குப் போகக் கூடாது. அவர் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இதில் இன்னொரு கூத்து, வகுப்பின் முதல் காட்சிப் பொருளே அவர்தான். மாடி வாசலில் அவருடைய பழைய படமும் புதிய படமும் மாட்டியிருந்தன. பழையதில் சட்டை வெடிக்கப் பார்க்கும். புதியதில் தொளதொளவென்று தொங்கும். வயிறு இரண்டிலும் ஒன்றுதான். வீட்டில் மூன்று வேளையும் அவருக்கு வேகவைத்த காய், உப்பில்லாத சூப். கடையில் வேறு சமையல். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வாடகைக் கார் ஓட்டுகிறவன், மத்தியானமானால் பொத்தான் டப்பாவில் பொரித்த கோழியோடு வந்துவிடுவான். கோழி இல்லாத நாளில் க்ரீம் பன். இரண்டும் இருக்கிற நாளும் உண்டு.

சாட்சி நாளன்று இரண்டும் இருந்தன. மாடியில் கைதட்டல் கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு துண்டு கோழியை எடுத்து, தன் வேலைக்குத் தானே சன்மானம் கொடுத்துக்கொண்டார். டப்பா காலியானது. கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றில் ஏதோ முறுக்கியது. வாயு என்று நினைத்து ஏப்பம் விட்டுப் பார்த்தார். முறுக்கல் நிற்கவில்லை; ஏறியது; துளைத்துக்கொண்டு முதுகுக்குப் போனது. ஒரு வாளி வாந்தி எடுத்தார். வாந்தி வந்தால் வயிறு லேசாக வேண்டும், இது அப்படியில்லை, வலி இருந்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. மாடியிலிருந்து உற்சாகமாக இறங்கி வந்த மேடம், தையல் மெஷின் மேல் கவிழ்ந்து கிடந்த கணவரைப் பார்த்து அலறினாள்.

மச்சான் கார் ஓட்டிய வேகத்தில் ஆஸ்பத்திரி சீக்கிரம் வந்துவிட்டது. அவசரப் பிரிவில் முதலில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத்தைப் பார்த்தார்கள். அதில் கோளாறு இல்லை என்றானதும் டாக்டரம்மா வந்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பேசுகிற பழக்கம் உள்ளவர். களைத்திருந்தார், ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வலிக்குது? ஒரு விரலால காட்டுங்க."

ஒரு விரலுக்குள் அடங்கவில்லை. உள்ளங்கையை மேல்வயிற்றில் வைத்துக் காட்டினார். "இங்க ஆரம்பிச்சு நேரா முதுகுக்குப் போகுது டாக்டர். துளை போட்டுக்கிட்டுப் போகுது."

"மல்லாந்து படுங்க, பார்க்கலாம்."

"படுக்க முடியல. குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மேடம் குறுக்கே வந்துவிட்டாள். "அவர் தையல்காரர் டாக்டர். நாள் முழுக்க மெஷின் முன்னால குனிஞ்சே உட்கார்ந்து பழக்கம். வீட்டுல சோபாவுலகூட இப்படித்தான் உட்காருவார்."

"ஓ," என்றார் டாக்டரம்மா. "வாந்தி எடுத்தீங்களா?"

"அது நான் காலையில வெறும் வயித்துல ஒரு சாறு குடுப்பேன் டாக்டர். உள்ள இருக்கற கசடு வெளிய வருது, நல்லதுதான்."

"குடிப்பாரா?"

"தொட்டதே இல்ல." இது நிஜம்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டார்?"

"வேகவச்ச பீன்ஸும் ஒரு கிண்ணம் சூப்பும். எங்க வீட்டுல எண்ணெய் வாங்கறதே கதவு கிரீச்சுன்னு சத்தம் போட்டா விடறதுக்குத்தான்."

மச்சான் கழுத்தை நிமிர்த்தி மின்விசிறியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். டாக்டரம்மா நோயாளியின் பக்கம் திரும்பி, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். மனைவி பக்கத்தில் நின்று, பெருமை பொங்க அவர் தோளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதான்," என்றார் தையல்காரர்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்தினார். தொப்புளுக்கு மேலே கை பட்டதும் தையல்காரர் கட்டிலோடு எழும்பினார். நாடி ஓடுகிற ஓட்டம் சரியில்லை, உடம்பும் லேசாகச் சுட்டது. "கணையமா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்," என்றார். "இரைப்பைக்குப் பின்னால, முதுகை ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீர் அதுலதான் ஊறுது. அது புண்ணாகி வீங்கிட்டா, அந்த நீர் அதையே செரிக்க ஆரம்பிச்சுடும். பொதுவா குடிக்கிறவங்களுக்கு வரும், இல்லேன்னா பித்தப்பையில கல் இருந்தா வரும். ரத்தத்துல அமிலேஸ்னு ஒண்ணைப் பார்ப்போம். அது மூணு மடங்குக்கு மேல ஏறியிருந்தா கணையம்னு வச்சுக்கலாம்."

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். தையல்காரர் முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு, வலியின் ஒவ்வொரு சுற்றையும் பல்லைக் கடித்துக் கடத்தினார். வலிக்கு ஊசி போட்டும் அது ஓரம்தான் மழுங்கியது.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது அவர் முகத்தில் குழப்பம். "பித்தப்பையில கல் இல்ல. கணையத்தைப் பார்க்க முடியாம குடல்ல இருக்கிற காத்து மறைக்குது. அமிலேஸ் சாதாரணமாத்தான் இருக்கு. அப்போ என் சந்தேகம் தப்புன்னு சொல்லணும். ஆனா லேப்ல வேற ஒண்ணு சொல்றாங்க. ட்யூப்ல ரத்தம் தெளியவே இல்லையாம். மேலே பால் மாதிரி வெள்ளையா நிக்குதாம்."

"பாலா?" என்றாள் மேடம்.

"கொழுப்பு. ரத்தம் முழுக்கக் கொழுப்பு."

அடுத்து நடந்ததைத் தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"யாரோட ரத்தத்தை யாருக்குச் சொல்றீங்க?" மேடத்தின் குரல் மாடியில் பாடம் நடத்தும் உயரத்துக்குப் போய்விட்டது. "ஊருக்கே உதாரணம் காட்டற உடம்பு டாக்டர் இது! என் வகுப்பு வாசல்ல இவர் படம் மாட்டி வச்சிருக்கேன்! எடுக்கும்போதே ட்யூபை மாத்திட்டாங்க. இங்க வேற யாராவது..." கண்கள் அறையைச் சுற்றி வந்து பக்கத்துக் கட்டிலில் நின்றன. அங்கே ஒரு பருமனான ஆசாமி காலில் கட்டோடு படுத்திருந்தார். "இவரோடதா இருக்கும்."

"எனக்குக் கால்தாங்க உடைஞ்சிருக்கு," என்றார் அந்த ஆசாமி. "என்னை ஏன் இதுல இழுக்கறீங்க?"

"உங்களைக் குறை சொல்லலங்க. பார்த்தா தோணிச்சு."

"பார்த்தா எனக்குக்கூட உங்க வீட்டுக்காரரோடதுன்னுதான் தோணுது."

சண்டை முற்றுவதற்குள் டாக்டரம்மா கையை உயர்த்தினார். அவருக்கும் கணக்கு இடித்தது. பீன்ஸும் சூப்பும் சாப்பிடுகிறவன் ரத்தம் பால் மாதிரி இருக்க முடியாது. இந்த அம்மாள் பொய் சொல்கிறவளாகவும் தெரியவில்லை. சத்தியமாகவே அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். "சரி, ட்யூப் மாறியிருக்கலாம். இன்னொரு தடவை எடுத்து அனுப்பறேன். லேப்ல இன்னிக்கு நெருக்கடி, பதில் வர நேரமாகும். அதுவரைக்கும் வயித்துப் புண்ணுன்னு வச்சுக்கிட்டு மருந்து குடுக்கறேன். வலி அடங்கிட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மோசமானா வாங்க."

"பார்த்தீங்களா, ஒண்ணுமில்ல," என்று மேடம் கணவரின் நெற்றியைத் துடைத்தாள்.

மச்சான் காதருகே குனிந்தான். "மாமா, சொல்லிடுங்க."

"வாயை மூடுடா."

சங்கிலித் தையலில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்றுவிடும் என்று அவருக்குத் தெரியாதா? கோழி தின்றேன் என்றால், தின்ற உடம்பு ஏன் பெருக்கவில்லை என்று கேட்பாள். சட்டை ஏன் தொளதொளத்தது என்று கேட்பாள். தன் சட்டையைப் பிரித்தவன் அடுத்தவள் சட்டையைப் பிரிக்கமாட்டானா என்று கேட்பாள். கடைசியில் அலமாரியில் இருக்கிற பச்சைச் சட்டைக்கு வந்துவிடுவாள். வீட்டுக்கே போய்விடலாம், விடிவதற்குள் தானாகச் சரியாகிவிடும் என்று அவர் மனசு வக்காலத்து வாங்கியது. அப்போது வலி மறுபடி வந்தது. இந்த முறை முதுகைத் துளைத்தது மட்டுமல்ல, கண்ணை இருட்டியது. கைகால் சில்லிட்டது. செத்துப்போய்விடுவேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. செத்தால் இவள், அந்தக் கூடம் நிறையப் பெண்கள் முன்னால் நின்று, பீன்ஸ் சாப்பிட்டே செத்தார் என்று அல்லவா சொல்லிக்கொண்டிருப்பாள்!

"டாக்டர்," என்றார். "அது என் ரத்தம்தான்."

டாக்டரம்மா திரும்பினார்.

"ட்யூப் மாறல. கோழி சாப்பிட்டேன். பொரிச்ச கோழி."

"எப்ப?"

"இன்னிக்கு."

"நேத்தும்," என்று மச்சான் அடக்கமாகச் சேர்த்தான். "க்ரீம் பன்னும் உண்டு டாக்டர். முந்தாநாளும்."

"முந்தாநாள் நீ வரலையே."

"பேக்கரிக்காரர் சொன்னாரு மாமா, நீங்களே போனீங்களாம்."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் டாக்டரம்மாவின் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "அப்படிச் சொல்லுங்க! ரத்தத்துல இவ்வளவு கொழுப்பு ஏறினாலும் கணையம் வீங்கும். குடிப் பழக்கத்துக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் அடுத்த காரணம் இதுதான். இன்னொண்ணு தெரியுமா? இந்தக் கொழுப்பே டெஸ்ட்டுல அமிலேஸைக் காட்டவிடாம மறைச்சுடும். நோயைக் குடுத்ததும் அதுதான், சாட்சியைக் கலைச்சதும் அதுதான்." சாட்சி என்ற வார்த்தையில் தையல்காரருக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. "குனிஞ்சா தேவலைன்னு நீங்க சொன்னப்பவே நான் பிடிச்சிருக்கணும். விட்டுட்டேன்."

அதன் பிறகு எல்லாம் வேகம். லேப்பில் கொழுப்பைப் பிரித்தெடுத்துவிட்டு லைபேஸ் என்கிற இன்னொன்றைப் பார்த்தார்கள். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பெரிய குழாய் மாதிரியான மெஷினுக்குள் தள்ளி வயிற்றைப் படம் எடுத்தார்கள். கணையம் ஊறிப்போன பஞ்சு மாதிரி வீங்கி, சுற்றிலும் நீர் கோத்திருந்தது. கூடவே சர்க்கரையும் இருந்தது, அது இத்தனை நாள் யாருக்கும் தெரியாது. வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கூடாது, எல்லாம் நரம்பு வழியாகத்தான் என்று இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். "வாயைத் திறக்காம வீட்டுக்குப் போயிருந்தீங்கன்னா," என்று டாக்டரம்மா ஆரம்பித்து, மேடத்தைப் பார்த்துவிட்டு, மீதியை முழுங்கிவிட்டார்.

நர்ஸ் அவருடைய சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுவிட்டு, கழற்றியதை மேடத்தின் கையில் கொடுத்தாள்.

"கோழி சாப்பிட்டா சட்டை எப்படி லூசாச்சு?" என்று மேடம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு சட்டையை உள்பக்கம் திருப்பினாள். தையல்காரரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தையலைப் படிக்கத் தெரியாதா? பிரித்த தடம், அதற்குப் பக்கத்தில் பிரித்த தடம், அதற்கும் பக்கத்தில் ஒன்று. இஸ்திரி போட்டு அழுத்தினாலும் ஊசி போன ஓட்டை போகாது. அக்குள் ஒட்டுத் துண்டில் அவள் விரல் நின்றது. சட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வலி குறையக் குறைய அவருக்குப் பயம் கூடியது. அவள் தினமும் வந்தாள். உதட்டை நனைத்துவிட்டாள், தலை சீவிவிட்டாள், நர்ஸிடம் சண்டை போட்டுத் தலையணை வாங்கிக் கொடுத்தாள். அவரிடம் மட்டும் பேசவில்லை. வார்டிலும் பக்கத்துக் கட்டிலுக்கே வந்து சேர்ந்த கால்கட்டு ஆசாமியோடு குசலம் விசாரிக்கிற அளவுக்கு ராசியாகிவிட்டாள், கணவரிடம் ஒரு 'ம்' கூட இல்லை. செய்தியெல்லாம் மச்சான் வழியாகத்தான்.

"அக்கா கடையைத் திறந்து அந்த ஸ்டாண்டுல தொங்கறதை எல்லாம் மாடிக்கு எடுத்துட்டுப் போயிட்டா மாமா. ஒவ்வொண்ணா உள்பக்கம் திருப்பிப் பார்த்தா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வகுப்புக்கு வர்ற பேங்க்கு அம்மாவோட கவுனைப் பார்த்துட்டு மட்டும், 'இதுல துணியே மிச்சம் இல்லையே'ன்னா."

தையல்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "பச்சைச் சட்டை?"

"எந்தப் பச்சைச் சட்டை?"

"அலமாரியில இருக்குமேடா."

"அலமாரிகிட்டப் போனா. கதவுல கை வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் திறக்காம வந்துட்டா."

முதன்முதலாகத் தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, அவள் கையில் ஸ்பூனோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் நிஜமாகவே இளைத்திருந்தார். ஆஸ்பத்திரி உடுப்பு, யாரும் பிரித்து விடாமலே, தோளில் தொங்கியது. வெளியே பகல் வெயில் அடித்தது. வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"எல்லாரோடதும் பிரிச்சிருக்கீங்க," என்றாள்.

"ஆமா."

"ஒருத்திகூட நிஜமா குறையலையா?"

"தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்களே, அவங்க குறைஞ்சாங்க. அவங்களோடதை நான் தொடவே இல்ல." இது சத்தியம். அவளுடைய உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். ஒவ்வொருத்தர் துணியையும் உள்பக்கம் திருப்பிக் காட்டப் போறேன். அப்புறம் யார் இருக்காங்களோ இருக்கட்டும்." ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "என் சட்டையை நான் பார்க்கல. பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா பார்க்கல. நீங்களே சொல்லுங்க."

அவள் பார்க்கவில்லை. இல்லை என்று சொன்னால் அவள் அலமாரியைத் திறக்கவே மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் கண்ணில் அதற்கான கெஞ்சல்கூட இருந்தது. ஒரு சின்ன 'இல்லை'. அதைச் சொல்லிவிட்டால் மற்றது எல்லாம் போனாலும் அவளுக்கு அந்த ஒரு பொத்தானாவது நிஜமாக மிஞ்சும். அவருக்கு அவள் மேல் அவ்வளவு ஆசை இருந்தது, அவ்வளவு பாவமாகவும் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"முதல்ல பிரிச்சதே உன்னோடதுதான்," என்றார்.

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நீ குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதே. கேட்டுக்கிட்டு என்னால வேலை செய்ய முடியல."

"அழுதா அழுதுட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாமே! எனக்கு நானே அழுது, நானே எந்திரிச்சிருப்பேனே!" சத்தம் வராமல் கத்தினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அத்தனை பேர் முன்னால நின்னு, என்னைப் பாருங்க, என்னால முடிஞ்சுதுன்னு சொன்னேனே. எத்தனை தடவை சொன்னேன்! நீங்க கீழ உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். ஊசி குத்தியிருந்த கை, பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "இனிமே என் துணியை நீங்க தொட வேண்டாம். மார்க்கெட் முக்குல இருக்கானே, அவன்கிட்டக் குடுத்துத் தைச்சுக்கறேன்."

கணையம் வெந்தபோதுகூட அவர் இப்படி அரண்டதில்லை. "அவன்கிட்டயா? அவனுக்குத் தோள் வெட்டவே வராது! ஒரு கை தூக்கிக்கிட்டு நிக்கும், கழுத்து இழுக்கும்..."

"இழுக்கட்டும். அளவாவது நிஜமா இருக்கும்."

தையல்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி, குழந்தை மாதிரி அழுதார். நர்ஸ் ஓடி வந்து, வலி திரும்பிவிட்டதா, ஊசி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று மேடம்தான் சொன்னாள். நர்ஸ் போன பிறகு அவருடைய தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஸ்பூனில் தண்ணீரை அள்ளினாள்.

"அழுகையை நிறுத்திட்டு வாயைத் திறங்க," என்றாள். அவர் திறந்தார்.